உண்ணாமுலை மாமி ஏன் அழவில்லை?

“என் ஆத்துக்காரியை ஒருத்தன் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுண்டிருக்கான். ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுத்தாப் போதும்” என்றார் சாம்பமூர்த்தி குருக்கள்.

தனம் பேனாவை மூடி வைத்தாள். குற்றவாளியைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிற கட்சிக்காரர்களை அவளுக்குப் பிடிக்காது. மாவட்ட நீதிமன்றத்தில் பதினெட்டு வருடம் சுருக்கெழுத்தராக உட்கார்ந்து, சத்தியம் செய்துவிட்டுச் சொல்லப்படும் பொய்களை நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை வேகத்தில் எழுதியவள். நாற்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு, தேரடித் தெரு லாட்ஜ் ஒன்றின் முதல் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். லாட்ஜில் தங்குகிறவர்கள் வழி தவறி மேலே ஏறி வந்து வெந்நீர் கேட்டுக்கொண்டே இருந்ததால், உதவியாளன் இளஞ்செழியன் கதவில் ஒரு பலகை மாட்டியிருந்தான்: ‘வெந்நீர் கிடையாது. உண்மை கிடைக்கும்.’

“யாருங்க அந்த ஆளு?”

“கோதண்டராமன். வேங்கிக்கால்ல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கான். அவன் தர்ற மாத்திரை போலி.” குருக்கள் மடியிலிருந்து ஒரு காலி மாத்திரைப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். நைவேத்தியத் தட்டை வைக்கிற அதே பதவிசு.

இளஞ்செழியன் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பதினொரு வருடம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தவன். தான் விற்கும் டானிக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை என்று ஒரு டாக்டரிடம் வாய்தவறிச் சொன்ன நாளோடு அந்த வேலை போனது. வாய் மட்டும் போகவில்லை.

“ஓலாபாரிப்” என்று படித்தான். “அக்கா, இது பெரிய மாத்திரை. விலையைக் கேட்டா நோய் இல்லாதவனுக்கும் மயக்கம் வரும்.”

“முதல்ல இருந்து சொல்லுங்க சாமி” என்றாள் தனம்.

குருக்கள் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் மனைவி உண்ணாமுலைக்குச் சினைப்பையில் புற்றுநோய். சென்னையில் அறுவை சிகிச்சை, பிறகு ஆறு தடவை கீமோ. கட்டி சூடம் மாதிரி கரைந்தது, டாக்டரே ஆச்சரியப்பட்டார். அது திரும்பி வராமலிருக்க இந்த மாத்திரை, தினம் இரண்டு வேளை. ஒரு வருடத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லை. மாதாமாதம் ரத்தத்தில் ஓர் எண் பார்ப்பார்கள். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் புற்று அடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

“ஆடியில பதினாலு. ஆவணியில இருபத்திமூணு. புரட்டாசியில நாப்பத்தேழு. போன வாரம் பாத்தா தொண்ணூறு.” குருக்களின் குரல் இறங்கியது. “புற்று ரிப்பேர் வேலையை மறுபடி கத்துண்டுடுத்துன்னு டாக்டர் சொல்றார். வியாழக்கிழமை சென்னைக்கு வரச் சொல்லியிருக்கார். மாத்திரையை நிறுத்திட்டு மறுபடி கீமோவாம். போன தடவையே அவ எலும்பும் தோலுமாத்தான் திரும்பி வந்தா.”

“ரிப்பேர் வேலைன்னா?” தனம் இளஞ்செழியனைப் பார்த்தாள்.

“செல்லுக்குள்ள டி.என்.ஏ. தினமும் அங்கங்க அறுந்துகினே இருக்கும் அக்கா. செங்கம் ரோட்ல வண்டி பஞ்சர் ஆவுற மாதிரி. ஒட்டுறதுக்கு ரெண்டு கடை இருக்குனு வைங்க. மாமியோட புற்று செல்லுல பெரிய கடை அவுட்டு. கீமோங்கிறது ரோடு முழுக்க ஆணி கொட்டுற வேலை. ஒட்ட ஆள் இல்லாததால புற்று செல்லு மொத்தமா படுத்துடுச்சு. மிச்சம் மீதி செல்லுங்க சின்னக் கடையை வெச்சு ஓட்டும். இந்த மாத்திரை அந்தச் சின்னக் கடைக்கும் ஷட்டரை இறக்கிடும். நல்ல செல்லுல பெரிய கடை திறந்தே இருக்கிறதால அது பொழைச்சுக்கும்.”

“இப்ப புற்றுல பெரிய கடையை யாரோ திறந்துட்டாங்கனு டாக்டர் நினைக்கிறாரு.”

“ஆமா. சில பேருக்கு அப்படி ஆவும். ஆனா மாத்திரையே போலியா இருந்தாலும் நம்பர் இப்படித்தான் ஏறும்.”

“நான் அதைத்தானே சொல்றேன்!” என்றார் குருக்கள்.

தனம் பேனாவை மறுபடி திறந்தாள். பிறகு கேட்டாள். “ஆடிக்கு அப்புறம் அவங்க உடம்புல வேற என்ன மாறிச்சு?”

“அதுதான் கூத்து. உடம்பு நன்னா ஆயிடுத்து! முன்னெல்லாம் மாத்திரை போட்டா ஓயாத குமட்டல், சோர்வு, ரத்தம் கம்மி. இப்போ ஒண்ணும் இல்லை. ரெண்டு தோசை கூடச் சாப்பிடறா. அழுகைகூட நின்னுடுத்து.”

“அழுகையா?”

“வியாதி வந்ததுலேர்ந்து தினம் அழுவா. அடுக்களையில, கொல்லையில, நான் ஜபம் பண்றச்சே பின்னாடி நின்னுண்டு. ஒண்ணரை வருஷம். ஆடி கடைசியில பட்டுன்னு நின்னுது. எல்லாம் அருணாசலேஸ்வரர் கிருபை.”

“குமட்டலும் போச்சு, சோர்வும் போச்சுன்னா மாத்திரை வேலை செய்யலைன்னு அர்த்தம் அக்கா” என்றான் இளஞ்செழியன். “போலியேதான். கோதண்டராமன் மாட்டுனான்.”

தனம் நோட்டில் ஒரே வார்த்தை எழுதினாள்: அழுகை.

கோதண்டராமனின் கடை கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் இருந்தது. ஆள் பெரிய உடம்பு. விஷயத்தைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் பெரிதானார்.

“இன்னா மேடம் இது? என் கடை கணபதி ஹோமத்தை அந்தக் குருக்கள்தான் பண்ணாரு. அவர் சொன்ன மந்திரம் ஒரிஜினலானு நான் ஆள் வெச்சு விசாரிச்சேனா?”

“நீங்களும் விசாரிச்சிருக்கலாம். நாங்க சும்மாதான் இருந்தோம்” என்றான் இளஞ்செழியன்.

கோதண்டராமன் முறைத்தபடியே உள்ளே போய், பிரிக்காத பெட்டி ஒன்றையும் பில் கட்டு ஒன்றையும் கொண்டுவந்து போட்டார். இளஞ்செழியன் பெட்டியிலிருந்த சதுரக் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்தான். காலிப் பெட்டியின் பேட்ச் நம்பரையும் பில்லில் இருந்த நம்பரையும் ஒப்பிட்டான். கம்பெனி கோடவுனில் இன்னும் வேலையிலிருந்த பழைய சிநேகிதன் ஒருவனுக்குப் போன் செய்து, அவன் கல்யாண வாழ்க்கையை விசாரித்து, நடுவில் பேட்ச் நம்பரைச் சொல்லிக் கேட்டான். கால் மணி நேரத்தில் இளஞ்செழியனின் முகம் தொங்கிப்போனது.

“சுத்தமான சரக்கு அக்கா. கோடவுன்ல இருந்து நேரா இங்கதான் வந்திருக்கு.”

“சந்தேகம் தீரலைன்னா இன்னொண்ணு சொல்றேன்” என்றார் கோதண்டராமன். “இதே பேட்ச்ல போளூர் டீச்சரம்மா ஒருத்தங்களுக்கும் போவுது. பேர் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அவங்களுக்கும் அதே வியாதிதான். போன மாசம் நம்பர் ஒம்போது. ஆனா குமட்டல் ஜாஸ்தின்னு வர்றப்பல்லாம் என்னை நிக்க வெச்சுத் திட்டுறாங்க.”

தனம் நிமிர்ந்தாள். “ஒரே பெட்டி மாத்திரை. போளூர்ல குமட்டுது, திருவண்ணாமலையில குமட்டலை.”

“ஊர் விசேஷமோ?” என்றான் இளஞ்செழியன்.

“உன் வாயை மூடிட்டு ஆட்டோ பிடி.”

ஆட்டோவில் ஏறியதும் அவள் குருக்களுக்குப் போன் செய்தாள். மனைவி மாத்திரையை நிஜமாகவே விழுங்குகிறாளா என்று கேட்டாள். குருக்கள் கொதித்தார். காலை ஏழு, மாலை ஏழு, தன் கையால் எடுத்துக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கோவிலுக்குக் கிளம்புவாராம்.

“அப்போ மாத்திரை அசல். வயித்துக்குள்ளயும் போவுது. ஆனா உடம்புல இல்லை” என்றாள் தனம், போனை வைத்துவிட்டு. “பூட்டின ரூமுக்குள்ள போன ஆள் மாயமாயிட்டான்.”

“டாக்டர் சொன்னது சரியா இருக்கலாம் அக்கா. புற்று ரிப்பேர் கத்துக்கிச்சு. அதைப் பிடிச்சு நாம கோர்ட்ல ஏத்த முடியாது.”

“புற்று கத்துக்கிட்டா நம்பர் ஏறும். சரி. குமட்டல் ஏன் நிக்கணும்? ரத்தம் ஏன் ஊறணும்? மாத்திரை நல்ல செல்லுக்குக் கொடுத்த தொந்தரவும் சேர்ந்து நின்னுருக்கே. புற்று பாடம் படிச்சா குடலுக்கு எப்படிடா மார்க் வரும்?”

இளஞ்செழியன் ஆட்டோவைக் குருக்கள் வீட்டுக்கு விடச் சொன்னான்.

சன்னதி தெருவுக்குப் பின்னாலிருந்த சந்தில் குருக்களின் வீடு. உண்ணாமுலை மாமி கைப்பையும் குடையுமாக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நான்கு வயது. கீமோவுக்குப் பிறகு முளைத்த முடி சுருள் சுருளாக, பள்ளிக்கூடப் பெண்ணுக்கு இருப்பது போல இருந்தது. ஏதோ ஒரு ராகத்தை முனகிக்கொண்டிருந்தாள். தொண்ணூறு என்ற எண்ணைச் சுமக்கிற முகம் இல்லை அது.

தனம் தன்னைச் சுகாதார விவரம் எடுக்க வந்தவள் என்று அறிமுகம் செய்துகொண்டாள். நீதிமன்றத்தில் பழகிய பொய்களில் இது சாதுவானது.

“சீக்கிரம் கேளுங்கோ. பத்து மணிக்கு நான் ரமணாசிரமத்துக்குத் தியானத்துக்குப் போகணும்.”

“டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தவிர வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“மருந்தா?” மாமி கொஞ்சம் யோசித்தாள். “மருந்து ஒண்ணும் இல்லை.”

“கையெல்லாம் சிவந்திருக்கே?”

மாமி புடவைத் தலைப்பை முழங்கைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். “வெயில். இப்போல்லாம் கொஞ்ச நேரம் வெயில்ல நின்னாலே சிவந்துடறது.” அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஐப்பசி மழை மூன்று நாளாக ஊரைப் பிழிந்துவிட்டு அன்றுதான் ஓய்ந்திருந்தது. வெயில் என்பதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

“பொய் சொல்றாங்களா அக்கா?”

“பொய் சொல்லலை. பொய் சொல்றவங்க ‘இல்லை’ன்னு உடனே சொல்லிடுவாங்க. இவங்க ‘மருந்தா’ன்னு அந்த வார்த்தையைக் கையில எடுத்து எடை பாத்தாங்க. ஏதோ சாப்பிடுறாங்க. அதுக்கு அவங்க மருந்துன்னு பேர் வைக்கலை.”

அவர்கள் ஏறிய ஆட்டோ இருபதடி இடைவெளியில் பின்தொடர்ந்தது. மாமியின் ஆட்டோ செங்கம் ரோட்டில் ஆசிரம வாசலை நெருங்கியது. நிற்கவில்லை. நேராகப் போய் இடது பக்கச் சந்தில் திரும்பியது.

“தியானம் இடம் மாறிடுச்சு” என்றான் இளஞ்செழியன்.

சந்தின் கோடியில் கீற்றுக்கொட்டகை போட்ட ஒரு கஃபே. மூங்கில் நாற்காலிகள். சுவரில், ‘மௌனமாக இருங்கள்’ என்று ஏழு மொழியில் எழுதியிருந்தது. அதன் கீழே ஏழு மொழியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூலை மேஜையில் மாமி உட்கார்ந்திருந்தாள். எதிரில் பருத்திப் புடவை கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, நான்கு கோடு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள்.

தனமும் இளஞ்செழியனும் அடுத்த மேஜையில் உட்கார்ந்தார்கள். இளஞ்செழியன் மெனு அட்டையைப் படித்தான். “அவகாடோ தோசை. இதைச் சுட்டவன்மேல முதல்ல கேஸ் போடணும்.”

“நாக்கை மேல மடிக்கணும் உர்ஸுலா” என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தாள். “பழம். வாழைப்பழம்.”

“வாளைப்பளம்.”

“ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் சொல்றா, விடு” என்று சொல்லி மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். உர்ஸுலாவும் சிரித்தாள். பிறகு தன் துணிப்பையிலிருந்து ஒரு சிறிய பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியை எடுத்து மாமியிடம் கொடுத்தாள். மாமி தண்ணீர் டம்ளரில் சொட்டுச் சொட்டாக விட்டாள். தண்ணீரில் செந்நிறம் பரவியது. தனம் மனசுக்குள் எண்ணினாள். முப்பது.

மாமி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் முன் தனம் எழுந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இதைத்தான் மருந்து இல்லைன்னு சொன்னீங்களா?”

மாமியின் முகம் வெளிறியது. “நீங்க இங்க எப்படி... அவர் அனுப்பினாரா?”

“அவர் கோதண்டராமனைப் பிடிக்க அனுப்பினாரு. நாங்க வழி தவறி இங்க வந்துட்டோம்.”

உர்ஸுலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். செய்தி வாசிப்பது போன்ற தமிழில் பேசினாள். “ஐயா, அம்மா. தயவுசெய்து அமருங்கள். இது நஞ்சு அன்று. இது ஒரு மலர். என் நாட்டில் வயல் ஓரத்தில் பூக்கும் மஞ்சள் மலர். என் கணவர் இறந்த பிறகு நான் மிகவும் அழுதேன். இதுவே எனக்கு உதவியது. உண்ணாமுலையும் அழுதார். ஆகவே கொடுத்தேன்.”

உர்ஸுலா ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் முப்பது வருடம் டிராம் ஓட்டியவள். இரண்டு வருடமாக இந்தச் சந்தில் வாடகைக்கு இருக்கிறாள். ஆடி மாத மழையில் ஆசிரமச் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்த மாமிக்குக் குடை பிடித்ததில் பழக்கம்.

இளஞ்செழியன் புட்டியைத் திறந்து முகர்ந்தான். அவன் புருவம் உயர்ந்தது. “அக்கா, பூவா? இதுல சரக்கு வாசனை.”

“பூவை ஆல்கஹாலில் ஊறவைப்பார்கள்” என்றாள் உர்ஸுலா. “அறுபது விழுக்காடு.”

“சரக்கா?” மாமி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். “சிவ சிவா! மூணு வேளையும் குடிச்சிருக்கேனே! ஒரு நாள் அவர் மோந்து பாத்துட்டு, பச்சைக்கற்பூர வாசனை வரதுன்னாரே!”

“சாமி வெள்ளந்தி” என்றான் இளஞ்செழியன். அவன் புட்டியின் லேபிளை எழுத்துக் கூட்டினான். “ஜோ... ஹா... னிஸ்... க்ராவ்ட். படிக்கவே முப்பது சொட்டு வேணும்போல.”

“ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்” என்றாள் உர்ஸுலா.

அவன் கை அப்படியே நின்றது. அந்தப் பேரை எங்கோ, அதுவும் மிக அண்மையில், பார்த்திருக்கிறான். சட்டைப் பையிலிருந்து குருக்களின் காலிப் பெட்டியை எடுத்தான். உள்ளே எட்டாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. மாத்திரை அசலா போலியா என்று பார்க்கும்போது, காகிதமும் இருக்கிறது, எனவே அசல் என்று திருப்தியாக மடித்து வைத்திருந்தான். இப்போது மேஜைமேல் விரித்தான். பாய் அளவுக்கு விரிந்தது. எறும்பு வரிசை போன்ற எழுத்தில் விரலை ஓட்டினான்.

“அக்கா.” அவன் குரலில் கிண்டல் இல்லை. “இந்த மாதிரிக் காகிதத்தைப் பதினொரு வருஷமா எல்லா டாக்டர் மேஜையிலயும் வெச்சேன். ஒருத்தனும் படிக்கலை, நானும்தான். இங்க போட்டிருக்கு. இந்த மாத்திரையோட சேத்து எதெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு ஒரு வரிசை. காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, கடைசியா இது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்.”

“ஏன்?”

“கல்லீரல்ல மருந்தை உடைச்சு வெளிய தள்ளுற என்சைம் ஒண்ணு இருக்கு. இந்தப் பூ அதை உசுப்பி விட்டுடும். மாத்திரை உள்ள போன வேகத்துல உடைஞ்சு போயிடும். ரத்தத்துல வேணுங்கிற அளவுக்கு நிக்காது.”

தனம் மெதுவாக உட்கார்ந்தாள். “பூட்டின ரூம்ல இருந்து ஆள் கழண்டது இப்படித்தான். நம்பர் ஏறினது, குமட்டல் நின்னது, ரத்தம் ஊறினது, அழுகை நின்னது எல்லாம் ஆடிக் கடைசியில. எல்லாத்துக்கும் ஒரே புட்டி.”

“கை சிவந்ததும்” என்றான் இளஞ்செழியன். “வெயில் பட்டா தோல் சிவக்கும்னு இந்தப் பூவைப் பத்தி ஒரு மீட்டிங்ல சொன்னாங்க. அப்ப நான் சமோசாவைத்தான் கவனிச்சேன்.”

உர்ஸுலாவுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமாக இருந்தது. நோட்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். “நான் உண்ணாமுலையைக் கொன்றேனா?” என்று கேட்டாள். இலக்கணம் சரியாக இருந்தது. அதைக் காதால் கேட்கத்தான் முடியவில்லை.

“இன்னும் யாரும் சாகலைம்மா” என்றாள் தனம். மாமியின் கைப்பையிலிருந்து போனை எடுத்து அவளிடமே நீட்டினாள். “டாக்டருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல.”

சென்னை டாக்டர் எடுத்ததும் முதலில் அவசரமாகப் பேசினார். பிறகு, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். கடைசியில், “வேற மருந்து சாப்பிடுறீங்களான்னு நான் மூணு தடவை கேட்டேனே அம்மா!” என்றார்.

“மருந்தான்னு கேட்டேள். இது பூ.”

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. “அந்தப் பூவை இன்னியோட நிறுத்துங்க. மாத்திரையை ஒண்ணுகூடக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கல்லீரல் பழைய நிலைக்கு வர ரெண்டு வாரம் ஆகும். வியாழக்கிழமை வாங்க, ஒரு ஸ்கேன் மட்டும் எடுப்போம். கீமோவைத் தள்ளி வைக்கிறேன். புற்று நிஜமாவே ரிப்பேர் கத்துக்கிட்டதா, இல்லை மாத்திரைதான் அதுகிட்ட போய்ச் சேரலையான்னு ஆறு வாரத்துல தெரிஞ்சுடும். நான் எந்த உறுதியும் தரலை. புரியுதா?”

“புரியறது.”

“அழுகைக்கும் டாக்டர் இருக்காங்க. இந்த மாத்திரையோட சண்டை போடாத மருந்தும் இருக்கு. முதல் நாளே என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

போன் அணைந்தது. மாமி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு மாசம்” என்றாள். “மூணு மாசம் நான் நன்னா இருந்தேன். காலம்பற எழுந்தா பயம் இல்லை. இவளோட சிரிச்சேன். இதை விட்டா அழறதுக்கு மறுபடி அந்தக் கொல்லைக்குத்தான் போகணும். ஒரு வேளை இதுவே போதுமோன்னு தோணறது. சிரிச்சுண்டே போயிட்டா என்ன?”

இளஞ்செழியன் தனத்தைப் பார்த்தான். சாட்சிகள் உண்மையைச் சொல்கிற அபூர்வமான தருணங்களில் சுருக்கெழுத்தர்கள் தலையைத் தூக்காமல் எழுதுவார்கள். இங்கே எழுத ஒன்றும் இல்லை.

“எதுக்கு மாமி அவ்ளோ அழுதீங்க?” என்று தனம் கேட்டாள். “சாவுக்கா?”

மாமி தலையை அசைத்தாள். கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து, மடித்து மடித்துத் தேய்ந்துபோன ஒரு கடிதத்தை எடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ரிப்பேர் செய்கிற அந்தப் பெரிய கடையின் கோளாறு மாமிக்குப் பிறவியிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மகளுக்குப் பரிசோதனை செய்யவும் என்று எழுதியிருந்தது.

“பத்மஜா. ஒரே பொண்ணு. ஓசூர்ல வேலை பாக்கறா. இருபத்தொன்பது வயசு. இதை அவகிட்ட நான் காட்டவே இல்லை. அவர்கிட்டயும் காட்டலை. என் வயித்துலேர்ந்து அவளுக்கு இதைக் கொடுத்துட்டேனோன்னு நெனைச்சு நெனைச்சு... பூவைச் சாப்பிட்டேன், நெனைப்பு போயிடுத்து. கடுதாசியும் உள்ளயே இருந்துடுத்து.”

அடுத்த மேஜைக்கு வந்த அவகாடோ தோசையை இளஞ்செழியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமி தானாகவே போனை எடுத்தாள். இரண்டு தடவை நம்பரைத் தொட்டு எடுத்தாள். மூன்றாவது தடவை அழுத்தினாள். ஸ்பீக்கர் அப்படியே இருந்தது.

“பத்மா, நான் உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்...”

சொல்லி முடிக்க நேரமானது. பிறகு மகளின் குரல் வந்தது, மெலிதாக.

“எனக்குத் தெரியும்மா. போன பொங்கலுக்கு வந்தப்போ உன் கைப்பையில சில்லறை தேடினேன். அந்த லெட்டரைப் படிச்சேன். ஊருக்குத் திரும்பிப் போய் டெஸ்ட் பண்ணிண்டேன்.”

“என்ன வந்தது?”

“இருக்கும்மா. எனக்கும் இருக்கு. வியாதி இல்லை. கோளாறு மட்டும். வருஷா வருஷம் பாத்துக்கணும்னு சொன்னா. உன்கிட்ட சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு...” அதற்கு மேல் பத்மஜாவால் பேச முடியவில்லை. போனில் அழுகைச் சத்தம் மட்டும் வந்தது.

மாமியும் அழுதாள். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வைத்த அழுகை. ஏழு மொழிக்காரர்களும் பேச்சை நிறுத்தினார்கள். சுவரில் எழுதியிருந்தது அன்றைக்குத்தான் நடந்தது.

சட்டென்று மாமி மூக்கைச் சிந்தித் தலைப்பில் துடைத்தாள். குரலே வேறாக வந்தது; வீட்டில் நான்கு பேருக்கு உத்தரவு போடுகிற குரல்.

“அழாதே. கேளு. ஒம்போது மாசமா தனியாவா இதை வெச்சுண்டிருந்தே, அசடு? லீவு போடு. புதன்கிழமை பஸ் ஏறி இங்க வா. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போறோம். எனக்கு ஒரு கட்டி கரைஞ்சிருக்கு, அது எப்படிக் கரைஞ்சதுன்னு எனக்குத் தெரியும், உனக்கு ஒண்ணும் வர விடமாட்டேன். வரச்சே மழைக்கு ஒரு சால்வை எடுத்துண்டு வா.”

போனை வைத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போய், கஃபே வாசலிலிருந்த செம்பருத்திச் செடியின் வேரில் ஊற்றினாள்.

“செடி சிரிக்கப் போவுது” என்றான் இளஞ்செழியன். யாரும் அவனை அதட்டவில்லை.

குருக்களுக்கு உண்மையைச் சொல்லும் பொறுப்பு தனத்துக்கு வந்தது. அன்று மத்தியானம் அவள் சொல்லி முடித்தாள். கோதண்டராமன்மேல் வழக்குப் போட முடியாது என்பது அவருக்கு முதல் ஏமாற்றம். இரண்டாவது விஷயம் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. “ஒண்ணரை வருஷமா அவ என் பின்னாடி நின்னு அழுதா. ஏண்டின்னு நான் ஒரு தடவைகூடத் திரும்பிக் கேக்கலை. ஜபம் கெட்டுடும்னு இருந்துட்டேன்” என்றார்.

ஆறு வாரம் கழித்து, கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்த ஒரு காலையில், அவர் மறுபடி மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. உட்காரவே இல்லை.

“முப்பத்தெட்டு!” என்றார். “தொண்ணூறு, முப்பத்தெட்டுக்கு வந்துடுத்து. ஸ்கேன்ல புதுசா ஒண்ணும் இல்லை. புற்று ஒண்ணும் கத்துக்கலையாம், மாத்திரைதான் போய்ச் சேராம இருந்திருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னும் கொஞ்ச நாள் பாக்கணுமாம். ஆனா கீமோ வேண்டாம்னுட்டார்.”

“மாமி எப்படி இருக்காங்க?”

“சண்டை போடறா. வாரத்துக்கு ஒரு நாள் ஒரு டாக்டரம்மாகிட்ட போய் ஒரு மணி நேரம் பேசிட்டு வரா. வந்ததும் மிச்சத்தை என்கிட்ட பேசறா. நான் திரும்பி உக்காந்து கேக்கறேன். ஜபம் கொஞ்சம் கெடறது. பரவாயில்லை.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“காலம்பற பஸ்ஸுக்கு அம்மாவும் பொண்ணும் சென்னைக்குப் போயிட்டா. பத்மாவுக்கு ஸ்கேன். நானும் வரேன்னேன். நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு உக்காருவேள், வேண்டாம்னுட்டா. திரும்பி வர ரெண்டு நாள் ஆகும்.” குருக்கள் போகத் திரும்பினார். கதவருகே தயங்கி நின்றார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

“முப்பது வருஷமா சுவாமிக்கு நைவேத்தியம் காட்டறேன்” என்றார் தணிந்த குரலில். “எல்லாம் மடப்பள்ளியிலேர்ந்து தயாராத்தான் வரும். சாதத்துக்குக் குக்கர்ல எத்தனை விசில் விடணும்?”

“மூணு சாமி” என்றான் இளஞ்செழியன். “தண்ணி ஊத்த மறக்காதீங்க.”

குருக்கள் வாய்க்குள் எதையோ இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு படியிறங்கினார்.